ஐந்து சீக்கிரங்கள்

அக்காவின் வேலைக்கு உலை வைத்தவை ஐந்து ஆங்கிலச் சொற்கள். அந்த ஐந்தையும் தேடிப் பொறுக்கி, தூசி தட்டி, அழகாக அடுக்கி வைத்துக் கொடுத்தவன் அவளுடைய சொந்தத் தம்பி.

தம்பிக்கு வீட்டில் அகராதி என்று பெயர். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு ஆங்கில இலக்கியம் படிக்கிறான் என்பது வெளியாட்களுக்குச் சொல்லும் காரணம். எதைச் சொன்னாலும் எகத்தாளமாக ஒரு பதில் வைத்திருப்பான் என்பது உண்மைக் காரணம். "இந்த அகராதிக்குச் சோறு போட்டுப் படிக்க வைக்கறதுக்கு, நான் ஒரு நிஜ அகராதியே வாங்கியிருக்கலாம். அது நாம திறந்தாத்தான் பேசும்" என்பாள் அக்கா.

அவள் மருந்துக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு, பெட்டிகள் அடுக்கிய மரப்பலகையை அப்படியே தூக்கிக்கொண்டு போகுமே, அந்த வண்டி. பலகையைக் கிடங்கில் பேலட் என்பார்கள். ஒன்பது வருடமாக ஓட்டுகிறாள். ஒரு திங்கட்கிழமை புது ஷிப்ட் இன்சார்ஜ் பெயரை அறிவிக்க இருந்தார்கள். அக்காவின் பெயர் முதலில் இருந்தது. இரண்டாவதாக இருந்தவன் ராக்கெட். அவன் வண்டி ஓட்டும் விதத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. பாராட்டு என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அறிவிப்புக்கு முந்தைய வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு, இரண்டாம் நம்பர் குளிர் அறையின் இயந்திரம் பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நின்றுபோனது. உள்ளே இருபத்துநான்கு பேலட் ஊசி மருந்து. அரை மணி நேரத்தில் சூடு ஏறிவிடும். அதற்கப்புறம் அதைக் குப்பையில்தான் கொட்ட வேண்டும். ராக்கெட் அன்று விடுமுறை. அக்கா ஒருத்தியாக நின்று இருபத்துநாலையும் ஐந்தாம் நம்பர் குளிர் அறைக்கு மாற்றினாள். இருபத்தெட்டு நிமிடம். ஒரு பெட்டி கூட வீணாகவில்லை.

மேனேஜர் மேடத்துக்கு வாயெல்லாம் பல். "நடந்ததை ஒரு அஞ்சு வரி இங்கிலீஷ்ல எழுதிக் குடும்மா. தலைமை அலுவலகத்துல தமிழ் படிக்கறவங்க யாரும் இல்ல. உன் பேரோட சேர்த்து அனுப்பறேன். அப்புறம் திங்கக்கிழமை உன்னை யாரு அசைக்க முடியும்?"

அசைக்க ஆள் வீட்டிலேயே இருந்தான்.

அக்கா கைப்பேசியில் நடந்ததைப் பேசிப் பதிவு பண்ணித் தம்பிக்கு அனுப்பினாள். அவன் கல்லூரி கேண்டீனில் உட்கார்ந்து இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்டான். மொத்தம் ஐந்தே வாக்கியம்.

"அலாரம் அடிச்சதும் சீக்கிரமா வண்டிக்குப் போனேன். எந்த வழியா போறதுன்னு சீக்கிரமா ஒரு முடிவு பண்ணேன். மூணாம் நம்பர் கதவுக்குச் சீக்கிரமா போய்த் திறந்து வச்சேன். இருபத்துநாலு பேலட்டையும் சீக்கிரமா மாத்தினேன். முடிச்சதும் சீக்கிரமா ஆபீசுக்குப் போய் மேடத்துக்கிட்ட சொல்லிட்டேன்."

அகராதி தலையில் அடித்துக்கொண்டான். ஐந்து வாக்கியத்தில் ஐந்து சீக்கிரமா! அவனுடைய பேராசிரியர் ஒரே சொல் இரண்டாம் முறை வந்தால் சிவப்பு வட்டம் போடுகிறவர். "ஒரே சட்டையை ரெண்டு நாள் போடுவியா? அப்புறம் ஒரே சொல்லை ஏன்?" என்பார். அகராதி ஒரே சட்டையை மூன்று நாள் போடுகிறவன்தான். சொல் விஷயத்தில் மட்டும் சுத்தம்.

ஒத்த சொற்களின் பட்டியலைக் கைப்பேசியில் திறந்தான். கல்யாண வீட்டுக்குப் புடவை எடுக்கிறவன் மாதிரி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தான். முதல் வாக்கியத்துக்கு 'ரஷ்ட்'. இரண்டாவதில் அக்கா பண்ணிய முடிவுக்கு 'ஹேஸ்டி'. மூன்றாவதில், கதவுக்குப் போனதற்கு 'டேஷ்ட்'. நான்காவதில் பேலட் மாற்றியதற்கு 'ஸ்பீடிங்'. ஐந்தாவதில் ஆபீசுக்குப் போனதற்கு என்ன போடலாம் என்று கொஞ்ச நேரம் யோசித்து, பட்டியலின் அடியில் பட்டுப் போலப் பளபளத்துக்கொண்டிருந்த 'ஃப்ளெட்'டை எடுத்தான். எழுதி முடித்து அவனே இரண்டு முறை படித்துப் புல்லரித்துக்கொண்டான்.

அக்கா புரியாமலே கையெழுத்துப் போட்டாள். "படிச்சவன் எழுதினது, தப்பா இருக்குமா?"

புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது செருப்பைக் கழற்றவில்லை. நேராகத் தம்பி எதிரில் வந்து நின்றாள்.

"டேய் அகராதி. நான் ஓடிப்போயிட்டேனா?"

"யார் கூடக்கா?"

"அதைத்தாண்டா நானும் கேக்கறேன்!" கையில் இருந்த தாளை அவன் மடியில் போட்டாள். மெமோ. ஹெல்மெட் கொடுத்தது.

கிடங்கின் பாதுகாப்பு அதிகாரிக்குத்தான் ஹெல்மெட் என்று பெயர். மஞ்சள் நிறத் தலைக்கவசத்தைச் சாப்பிடும்போதும் கழற்றமாட்டார். கடிதம் முதலில் அவர் கைக்குப் போயிருக்கிறது. போனதும் அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குற்றம் எழுதிவிட்டார். அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டியது: ஸ்பீடிங் என்று அவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள். யோசிக்காமல் முடிவெடுத்தது: ஹேஸ்டி. மூன்றாம் நம்பர் கதவில் வண்டியை மோதியது: டேஷ். காரியத்தைச் செய்துவிட்டுத் தப்பி ஓடியது: ஃப்ளெட். ரஷ்ட் என்பதற்கு மட்டும் தனிக் குற்றம் கிடைக்காததால், "கவனிக்கத்தக்கது" என்று பக்கத்தில் குறித்திருந்தார்.

"டேஷ்ட்னா வேகமா ஓடிப் போறதுக்கா" என்றான் தம்பி ஈனக்குரலில்.

"யாருக்குடா? பஸ்ஸு லாரி மேல டேஷ் அடிச்சுதுன்னா, பஸ்ஸு லாரியைப் பார்க்க ஆசையா ஓடிப் போச்சுன்னா அர்த்தம்? அந்தக் கதவுல வேற நிஜமாவே குழிவா ஒரு சொட்டை இருக்கு. போட்டோ எடுத்து ஒட்டியிருக்காரு பாரு."

ஒட்டியிருந்தார்.

"என் ஓட்டுநர் அட்டையை வாங்கி வச்சுக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை காலைல விசாரணை. தப்புன்னு முடிவாச்சுன்னா இன்சார்ஜ் ராக்கெட்டுக்கு. எனக்கு வேலையே இருக்குமான்னு தெரியல." அப்போதுதான் அவள் செருப்பைக் கழற்றினாள். "நான் சீக்கிரமான்னுதானேடா சொன்னேன். அஞ்சு தடவை சொன்னேன்."

அகராதிக்குப் பதில் வரவில்லை. வீட்டில் இது வரலாற்று நிகழ்ச்சி.

அன்று அவன், வாழ்க்கையில் முதல்முறையாக, அகராதியில் சொற்களின் பட்டியலை விட்டுவிட்டு அவற்றின் பொருளைப் படித்தான். ஹேஸ்டி என்றால் வெறும் சீக்கிரம் இல்லை. யோசனையை வீட்டில் மறந்துவிட்டு வந்த சீக்கிரம். ஃப்ளெட் என்றால் பின்னால் யாரோ துரத்த வேண்டும், முகத்தில் பயம் வேண்டும். ரஷ் என்றால் தள்ளுமுள்ளு. ஃபாஸ்ட் என்றால் சக்கரம் எவ்வளவு சுழல்கிறது என்று கணக்கு. க்விக் என்றால் சக்கரத்தைப் பற்றிக் கவலையே இல்லை. வேலை எத்தனை நிமிடத்தில் முடிந்தது, அவ்வளவுதான். ஒருவன் ஃபாஸ்ட்டாக ஊரையே சுற்றிவிட்டுத் தாமதமாக வரலாம். இன்னொருத்தி ஆடி அசைந்து வந்து க்விக்காக முடித்துவிடலாம்.

அக்காவின் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டான். ஐந்து இடத்திலும் சீக்கிரம். ஓர் இடத்தில் கூட 'வேகமா' இல்லை, 'அவசரமா' இல்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள், ஐந்து முறையும் கச்சிதமாக ஒரே சொல்லைப் பிடித்திருக்கிறாள். மூன்றாம் ஆண்டு இலக்கியம், ஐந்தையும் கோட்டை விட்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேனேஜர் அறையில் விசாரணை. நீளமான மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் 'பாதுகாப்பே முதல்' என்று ஒரு படம், அதன் கீழே பாதி ஆணியில் தொங்கும் தீயணைப்புக் கருவி. ஹெல்மெட் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். ராக்கெட் சாட்சி மாதிரி ஓரமாக நின்றான். கடிதம் எழுதியவன் என்பதால் தம்பியையும் உள்ளே விட்டார்கள்.

"மேடம், தப்பு அக்காவோடது இல்ல. என்னோடது" என்று ஆரம்பித்தான் அகராதி. "அக்கா சொன்னதை நான் ஒழுங்கா மொழிபெயர்க்கல. கேளுங்க." கைப்பேசியை மேசையில் வைத்துப் பதிவை ஓடவிட்டான். ஐந்து சீக்கிரமும் வரிசையாக வந்து போயின.

மேனேஜர் மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முடிச்சதும் என்கிட்டதான் வந்தா. அது எனக்கே தெரியுமே. ஓடிப்போறவ யாராவது மேனேஜர் ரூமுக்கு ஓடி வருவாளா சார்?"

ஹெல்மெட் ஒரு குற்றத்தை மனமில்லாமல் அடித்தார். "சரி, அது போகட்டும். ஆனா தம்பி, வேகமா, சீக்கிரமா, ரெண்டும் ஒண்ணுதானேப்பா?"

"இல்ல சார்."

"கணக்கு பொய் சொல்லாது." ஒரு தாளை நீட்டினார். "ரெண்டாம் ரூம்லேர்ந்து அஞ்சாம் ரூம். மெயின் வழி. எட்டு கிலோமீட்டர் ஸ்பீடுக்கு மேல போகக் கூடாது. அந்த ஸ்பீடுல போனா இருபத்துநாலு பேலட்டுக்கு நாப்பது நிமிஷம் ஆகும். இவ இருபத்தெட்டுல முடிச்சிருக்கா. பறக்காம எப்படி முடியும்?"

அகராதி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சொல் அவனுக்குத் தெரியும், ஃபோர்க்லிஃப்ட் தெரியாது.

"சார்," என்றாள் அக்கா. "அட்டையை ஒரு அரை மணி நேரம் திருப்பிக் குடுங்க. செஞ்சு காட்டறேன். ராக்கெட்டும் செய்யட்டும். உங்ககிட்ட அந்த ஸ்பீடு பார்க்கற துப்பாக்கி இருக்கில்ல, அதையும் எடுத்துக்குங்க."

ஹெல்மெட்டின் முகம் மலர்ந்தது. வண்டியின் வேகத்தை அளக்கும் அந்தக் கருவியை வாங்கி ஆறு மாதம் ஆகியும் யாரும் அவரைக் கேட்டதில்லை.

காலிப் பெட்டிகள் அடுக்கிய எட்டு பேலட்டை இரண்டாம் அறையில் வைத்தார்கள். முதலில் ராக்கெட்.

"பார்த்துக்கோக்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். போனது தெரிந்தது, வந்தது தெரிந்தது, நடுவில் இருந்தது தெரியவில்லை. ஹெல்மெட்டின் கையிலிருந்த கருவி மூன்று முறை கத்தியது. பதின்மூன்று கிலோமீட்டர். ஐந்தாம் அறைக்குள் நுழைந்ததும் முதல் பேலட்டைக் கைக்கு வந்த இடத்தில், வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்தான். இரண்டாவதை அதன் பக்கத்தில். மூன்றாவதைக் கொண்டுவந்தபோது உள்ளே போக வழியில்லை. முதல் இரண்டையும் வெளியே எடுத்து, மூன்றாவதை உள்ளே வைத்து, எடுத்ததைத் திரும்ப வைத்து, நடுவில் வண்டியைத் திருப்ப இடம் போதாமல் முன்னும் பின்னும் ஆறு முறை ஆட்டி, ஆறாவது பேலட்டில் மறுபடியும் அதே கூத்து. இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பதினாலு நிமிஷம் பத்து செகண்ட்" என்றார் மேடம், கைக்கடிகாரத்தைப் பார்த்து.

பேலட்டுகளைத் திரும்ப இரண்டாம் அறைக்கே கொண்டுவந்து வைத்தார்கள். அடுத்து அக்கா. ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டினாள். மேடம் "ஸ்டார்ட்" என்றார்.

அக்கா சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பத்து நொடி. இருபது நொடி. "அக்கா, ஆரம்பிச்சாச்சு" என்றான் தம்பி, மெதுவாக.

"தெரியுதுடா."

"மணி ஓடுதும்மா" என்றார் ஹெல்மெட்.

"ஓடட்டும் சார், எனக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துராது."

அவள் கண் எட்டு பேலட்டையும் தடவிக்கொண்டு வந்தது. பிறகு இறங்கிப் போய் மூன்றாம் நம்பர் கதவைத் தள்ளித் திறந்து வைத்துவிட்டு வந்தாள். மூன்றாம் நம்பர் கதவுக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சந்து. பாதித் தூரம்தான். ஆனால் அதில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று பலகை இருப்பதால், தன்மானமுள்ள எந்த ஓட்டுநரும் அந்தப் பக்கம் போவதில்லை. அக்கா போனாள். கோயில் தேர் மாதிரி போனாள். முதல் பேலட்டை ஐந்தாம் அறையின் கடைசி மூலையில் வைத்தாள். இரண்டாவதை அதற்கு முன்னால். ஒன்றைக் கூட இரண்டாம் முறை தொடவில்லை. போகும்போது முன்னால் பார்த்துப் போனவள், வரும்போது திருப்பாமல் அப்படியே பின்னால் வந்தாள். கருவியை நீட்டிக்கொண்டே நின்ற ஹெல்மெட்டுக்குக் கை வலித்ததுதான் மிச்சம். அது ஒரு முறை கூட வாயைத் திறக்கவில்லை.

எட்டாவது பேலட்டை இறக்கி, அறைக் கதவை மூடிவிட்டு, சாவியைத் திருப்பினாள்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். "ஒன்பது நிமிஷம் இருபது செகண்ட்."

ஹெல்மெட் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எதையோ எழுதினார். "இது எட்டு பேலட். இருபத்துநாலுன்னா மூணால பெருக்கணும். ஒன்பது இருபது, மூணு தடவை..." பேனா நின்றது. "இருபத்தெட்டு."

"கணக்கு பொய் சொல்லாது சார்" என்றாள் அக்கா, மரியாதையாக.

கிடங்கின் மூலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எப்போது கூடினார்கள் என்று தெரியவில்லை. கைதட்டல் தகரக் கூரையில் பட்டு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. முதலில் தட்டியவன் ராக்கெட். "அக்கா, அந்தக் கடைசி மூலையை முதல்ல புடிக்கற வித்தையை எனக்கும் சொல்லிக் குடு" என்றான்.

"அதுல என்னடா வித்தை? அரை நிமிஷம் சும்மா உக்காரணும். உன்னால அதுதான் முடியாது."

ஹெல்மெட் இரண்டு குற்றங்களை அடித்தார். அரை நிமிடம் யோசித்தவளை ஹேஸ்டி என்று சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் ஒன்று மீதமிருந்தது. ஒரு மனிதன் எத்தனை குற்றத்தைத்தான் ஒரே நாளில் இழப்பான்? "அப்ப அந்தச் சொட்டை? கதவுல டேஷ் ஆனது நிஜம்தானே?"

எல்லோரும் மூன்றாம் நம்பர் கதவுக்குப் போனார்கள். உள்ளே பஞ்சு மாதிரி அட்டை வைத்து மேலே மெல்லிய தகடு போர்த்திய கதவு. விரலால் அழுத்தினாலே குழி விழும். சொட்டை இருந்தது. சின்னக் கிண்ணம் அளவுக்கு, வட்டமாக.

அகராதி அதன் எதிரில் போய் நின்றான். சொட்டை அவன் நெற்றிக்கு நேராக இருந்தது.

"அக்கா, உன் வண்டியோட இரும்புக் கை எவ்வளவு உயரத்துல இருக்கும்?"

"ஓடும்போது முழங்காலுக்குக் கீழ."

"வண்டி என்ன கலர்?"

"நீலம். ஏன்டா, கண்ணு தெரியலையா?"

"இல்ல, சொட்டைக்குள்ள மஞ்சளா ஏதோ ஒட்டியிருக்கு."

மேடம் கிட்டே போய்ப் பார்த்தார். ராக்கெட் எட்டிப் பார்த்தான். பிறகு, யாரும் யாருக்கும் சொல்லாமலே, எல்லாத் தலையும் ஒரே திசையில் மெதுவாகத் திரும்பியது.

பாதுகாப்பு அதிகாரி, பதினோரு வருடத்தில் முதல்முறையாக, ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளே நல்ல அடர்த்தியான முடி இருந்தது. அது பலருக்கும் செய்தி. ஹெல்மெட்டின் முன்பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் உரிந்திருந்தது.

"அன்னிக்கு அலாரம் அடிச்சதும்..." அவர் தொண்டையைச் செருமினார். "இந்தக் கதவு சாத்தியிருக்குன்னு தெரியல. இடிச்சப்ப எது இடிச்சுதுன்னும் தெரியல. நானும் கொஞ்சம் சீக்கிரமாத்தான் வந்தேன்."

"இல்ல சார்" என்றான் அகராதி. இரண்டு நாளாக அடைத்துக்கிடந்த வாய் திறந்துகொண்டது. "நீங்க ஹேஸ்டியா வந்தீங்க. வந்து டேஷ் பண்ணீங்க. ரெண்டு அர்த்தத்துலயும்."

முதலில் சிரித்தது மேடம். அப்புறம் கிடங்கு. கடைசியாக, நெற்றியைத் தடவிக்கொண்டே, ஹெல்மெட். நல்ல மனுஷன்தான்; மெமோவை அவரே நாலாகக் கிழித்து, பெட்டி கட்டும் மேசைக்குக் கீழே இருந்த கூடையில், குப்பை சிதறாமல், பாதுகாப்பாகப் போட்டார். அக்காவின் அட்டையை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

அங்கேயே, மேனேஜர் மேசையில் உட்கார்ந்து, அகராதி புதுக் கடிதம் எழுதினான். ஐந்து வாக்கியம். ஐந்திலும் க்விக். முதலில் க்விக்லி, அடுத்து க்விக், மறுபடி க்விக்லி, க்விக்லி, க்விக்லி. எழுதும்போது கை கூசியது; எழுதி முடித்ததும் கூச்சம் போய்விட்டது. அடுத்த வாரம் அதையே கட்டுரைப் பயிற்சியாகக் கொடுத்தான். பேராசிரியர் ஐந்து சிவப்பு வட்டம் போட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார். அகராதி அந்தத் தாளை வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறான். அவன் வாங்கிய மதிப்பெண்களிலேயே அக்காவுக்குப் பிடித்தது அந்த ஐந்து வட்டம்தான்.

திங்கட்கிழமை காலை ஒலிபெருக்கியில் புது ஷிப்ட் இன்சார்ஜின் குரல் முதல்முறையாகக் கிடங்கு முழுக்கக் கேட்டது.

"எல்லாரும் சீக்கிரம் வாங்க. யாரும் வேகமா வராதீங்க."

யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை. ராக்கெட் வண்டியில் ஏறி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அரை நிமிடம் சும்மா இருந்தான். ஹெல்மெட் மூன்றாம் நம்பர் கதவு வரை நடந்துவந்து, நின்று, கையை நீட்டித் திறந்துகொண்டு போனார்.

பத்தரை மணிக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்த தம்பியின் கைப்பேசி அதிர்ந்தது. அக்காவின் குரல் பதிவு. மேசைக்கு அடியில் குனிந்து காதில் வைத்துக் கேட்டான்.

"டேய் அகராதி, நான் மைக்ல சொன்னதைப் பலகையா எழுதி மாட்டணுமாம். தமிழ்ல ஹெல்மெட் சார் எழுதிட்டாரு. தலைமை அலுவலகத்துலேர்ந்து வர்றவங்களுக்கு இங்கிலீஷ்ல கீழ போடணும். அந்த ரெண்டு வரியையும் எழுதி அனுப்பு. சீக்கிரம்!"

அகராதி பேனாவை எடுத்தான். தாளை எடுத்தான். அப்புறம் அரை நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தான்.